வரி உயர்வும் விலைத்தள்ளுபடியும்: இளையோர் புகைப்பழக்கத்தைக் குறைக்க அமெரிக்க நகரங்கள் இயற்றிய சட்டங்கள்

ஆய்வுச்சுருக்கம்

சிகரெட்டின் மீது விதிக்கப்படும் வரி, இளையோரைப் புகைப்பழக்கத்திலிருந்து விலக்கும் வலிமையான கருவியாகக் கருதப்படுகிறது. ஆயின் உற்பத்தி நிறுவனங்கள் வழங்கும் விலைத்தள்ளுபடி, அவ்வரியின் விளைவை யாரிடத்தில் அது மிகுதியாக இருக்க வேண்டுமோ அவர்களிடத்திலேயே குன்றச் செய்கிறது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ், நியூயார்க் ஆகிய நகரங்கள் இத்தள்ளுபடிகளைத் தடைசெய்த முறை, அதற்கு எழுந்த சட்ட எதிர்ப்பு, அச்சட்டங்களின் எல்லைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புகையிலை வரி, விலைத்தள்ளுபடி, கூப்பன், குறைந்தபட்ச விலை, இளையோர், பிராவிடன்ஸ், நியூயார்க்.

முன்னுரை

புகைப்பழக்கம் பெரும்பாலும் முதிர்ந்த வயதில் தொடங்குவதில்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் நாள்தோறும் புகைக்கும் வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் 18 வயதிற்குள்ளாகவே முதல் சிகரெட்டைப் புகைத்தவர்கள். 26 வயதைக் கடந்த பின் தொடங்கியோர் மிக அரியர். எனவே பதின்பருவத்தில் ஒருவரைத் தடுத்து நிறுத்துவது, பெரும்பாலான நேர்வுகளில், அவரை வாழ்நாள் முழுவதும் தடுப்பதற்கு ஒப்பாகும்.

இப்பருவத்தினரின் கையில் பணம் குறைவு; பழக்கமும் இன்னும் வேரூன்றியிருக்காது. இவ்விரு காரணங்களால் விலை உயரும்போது முதலில் பின்வாங்குவோர் அவர்களே. உயர் வருவாய் நாடுகளில் 10 விழுக்காட்டு விலை உயர்வு ஒட்டுமொத்த சிகரெட் நுகர்வை ஏறத்தாழ 4 விழுக்காடு குறைக்கும் என்பது பொருளியலாளர் பலரும் ஏற்கும் மதிப்பீடு. இளையோரிடத்தில் இவ்விளைவு இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை மிகுதியாக இருக்கும் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. புகையிலை வரி குறித்த கொள்கை விவாதங்கள் அனைத்தும் இவ்வடிப்படையின் மீதே எழுந்தவை. அவ்விவாதங்களில் போதிய கவனம் பெறாத ஒன்று உண்டு. வரியை விதிப்பது அரசு. ஆனால் கடையில் கொடுக்க வேண்டிய விலையை இறுதியாக முடிவு செய்வது நிறுவனமே.

நிறுவனங்கள் அறிந்திருந்த கணக்கு

விலைக்கும் இளையோர்க்கும் உள்ள இத்தொடர்பைச் சிகரெட் நிறுவனங்கள் நன்கு அறிந்திருந்தன என்பதற்கு அவற்றின் உள்சுற்று ஆவணங்களே சான்று. 1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நடுவண் அரசு ஒரு பாக்கெட்டிற்கான வரியை 8 சென்டிலிருந்து 16 சென்டாக உயர்த்தியது. அக்காலத்து விலை உயர்வுகளின் விளைவாக 20 இலட்சம் பேர் புகைப்பதை நிறுத்தினர் என்றும், பதின்பருவத்தினர் 6 இலட்சம் பேர் தொடங்காமலே இருந்துவிட்டனர் என்றும் எம்.ஐ.டி. நிறுவனப் பொருளியலாளர் ஜெஃப்ரி ஹாரிஸ் மதிப்பிட்டிருந்தார். பிலிப் மாரிஸ் நிறுவனத்தின் ஆய்வாளரான மைரன் ஜான்ஸ்டன் 1987 செப்டம்பரில் எழுதிய குறிப்பு இம்மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு தம் நிறுவனத்தின் இழப்பைக் கணக்கிடுகிறது. புகைக்கத் தொடங்காத அவ்விளையோருள் 4,20,000 பேர் தம் நிறுவனச் சிகரெட்டுகளையே புகைத்திருப்பர் என்பது அவர் கண்ட முடிவு. இந்நிலை மீண்டும் நேரக் கூடாது என்னும் கருத்தும் அக்குறிப்பில் உள்ளது. பொதுநலத் துறையினர் வெற்றியாகக் காணும் ஓர் எண், இங்கு நட்டக் கணக்கில் எழுதப்பட்டுள்ளது.

1993 ஏப்ரல் 2ஆம் நாள் அதே நிறுவனம் மார்ல்பரோ சிகரெட்டின் விலையைப் பாக்கெட்டிற்கு 40 சென்ட் குறைத்தது. அன்று அந்நிறுவனப் பங்குகளின் மதிப்பு கால் பங்கிற்கு நெருக்கமாகச் சரிந்தது. பங்குச்சந்தை வரலாற்றில் ‘மார்ல்பரோ வெள்ளி’ என இந்நாள் பெயர் பெற்றுள்ளது. மார்ல்பரோ அக்காலத்தில் பதின்பருவத்தினர் மிகுதியாக வாங்கிய சிகரெட் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவருள் புகைப்போர் விகிதம் 1991இல் 27.5 விழுக்காடாக இருந்து 1997இல் 36.4 விழுக்காடாக உயர்ந்தது. விலைக்குறைப்பே இதற்கு முழுக்காரணம் எனக் கூறுவது பொருந்தாது. உயர்வு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. எனினும் அவ்வுயர்வின் நடுவே மிகுதியாக விற்ற சிகரெட்டின் விலை சரிந்தது என்பதை ஒதுக்கிவிடவும் இயலாது.

விளம்பரத்திலிருந்து விலைக்கு

1998ஆம் ஆண்டு 46 மாநிலங்களுக்கும் நான்கு பெரும் நிறுவனங்களுக்கும் இடையே ஏற்பட்ட தீர்வு ஒப்பந்தம், சாலையோர விளம்பரப் பலகைகளையும் கேலிச்சித்திர உருவங்களையும் நிறுவனப் பெயர் பொறித்த சட்டை, தொப்பி முதலியவற்றையும் விலக்கியது. இலவச மாதிரிகளை இளையோர் நுழைய இயலாத இடங்களுக்குள் அடக்கியது. விலைக்குறைப்பை அது தொடவில்லை. விளம்பரத்திற்கு வழி அடைபடவே பணம் விலையின் பக்கம் பாய்ந்தது. அமெரிக்க நடுவண் வணிக ஆணையத்தின் அறிக்கையின்படி 2011ஆம் ஆண்டில் சிகரெட் நிறுவனங்கள் விளம்பரத்திற்கும் விற்பனை ஊக்குவிப்பிற்கும் செலவிட்ட தொகை 837 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 700 கோடி டாலர், விலையைக் குறைத்து விற்பதற்கெனச் சில்லறை, மொத்த வணிகர்களுக்கு அளிக்கப்பட்டது. கூப்பன்களுக்கான செலவு இதில் சேராது.

இத்தள்ளுபடி பல உருவங்களில் இயங்குகிறது. ஒரு பாக்கெட்டிற்கு இவ்வளவு குறைத்து விற்க வேண்டும் என வணிகரோடு உடன்பட்டு, அக்குறைவை நிறுவனமே ஈடுசெய்வது முதல் வகை. வாங்குபவர் கண்ணுக்கு இது குறைந்த விலையாக மட்டுமே தெரியும். ஒன்று வாங்கினால் மற்றொன்று இலவசம், இரண்டு சேர்த்து வாங்கினால் விலை குறைவு என்பன இரண்டாம் வகை. நம் கடைவீதியின் கொசுறு வழக்கத்தோடு இதனை ஒப்பிடத் தோன்றலாம். ஆனால் கொசுறு கடைக்காரர் தம் கைப்பொருளிலிருந்து தருவது, இது தொலைவிலுள்ள நிறுவனம் திட்டமிட்டுத் தருவது. அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்படும் கூப்பன்கள் மூன்றாம் வகை.

இவ்வகைகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு தேர்ந்தெடுத்தல். வரி எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுகிறது. தள்ளுபடியோ குறிப்பிட்ட கடை, குறிப்பிட்ட தெரு, குறிப்பிட்ட வாடிக்கையாளர் எனப் பார்த்துத் தரப்படுகிறது. கலிஃபோர்னியாவில் பள்ளிகளைச் சுற்றியுள்ள கடைகளை ஆராய்ந்து லிசா ஹென்ரிக்சன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. கறுப்பின மாணவர் மிகுந்த பள்ளிகளின் அருகே நியூபோர்ட் என்னும் மென்தால் சிகரெட்டிற்குச் சலுகை விளம்பரங்கள் மிகுதியாகவும் விலை குறைவாகவும் இருந்தன என அவர்கள் கண்டனர். விலைக்கு அஞ்சி விலகிவிடக்கூடியவரைத் தேடிச் சென்று விலையைக் குறைக்கும்போது, வரியின் சுமை விலகாமல் புகைப்பவர் மீதே தங்கிவிடுகிறது. தள்ளுபடியைக் கட்டுப்படுத்தாத வரி உயர்வு இவ்வகையில் ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும்.

சாண்டி ஸ்லேட்டர் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு மேலும் நுட்பமானது. கடைகளில் காணப்படும் விளம்பரம் புகைக்கத் தொடங்குவதோடு தொடர்புடையதாக இருக்க, விலைச்சலுகையோ எப்போதாவது புகைத்துப் பார்ப்பவர் நிலையான புகைப்பாளராக மாறுவதோடு தொடர்புடையதாக இருந்தது. ஆகவே விளம்பரத்தை மட்டும் தடைசெய்யும் சட்டம் முதற்படியைக் காக்கிறதே ஒழிய அடுத்த படியைத் திறந்தே விடுகிறது.

பிராவிடன்ஸ் வழக்கு

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸ் 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நகரச் சட்டத்தை இயற்றியது. புகையிலைப் பொருள்களுக்குக் கூப்பன்களை ஏற்பதையும், பல பாக்கெட்டுகளைச் சேர்த்து வாங்குவோர்க்கு விலை குறைப்பதையும், அவ்வாறு குறைப்பதாக அறிவிப்பதையும் அது தடைசெய்தது. புகையிலை விற்பனையாளர் சங்கமும் உற்பத்தி நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. அவற்றின் வாதங்களுள் இரண்டு இன்றியமையாதவை. கூப்பன் என்பது வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சு, ஆகவே அரசமைப்பின் முதல் திருத்தம் அதனைக் காக்கிறது என்பது ஒன்று. சிகரெட் விளம்பரத்தையும் ஊக்குவிப்பையும் ஒழுங்குசெய்யும் அதிகாரம் நடுவண் சட்டத்திற்கே உரியது, நகரத்திற்கு இல்லை என்பது மற்றொன்று.

இவ்வாதங்கள் வலுவற்றவை அல்ல. பள்ளிகளின் அருகே புகையிலை விளம்பரங்களைத் தடுத்த மாசசூசெட்ஸ் மாநில விதிகளை 2001இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய காரணங்களாலேயே செல்லாதெனக் கூறியிருந்தது. ஆனால் 2009ஆம் ஆண்டின் நடுவண் புகையிலைச் சட்டம், விளம்பர உள்ளடக்கத்தைத் தொடாமல், ஊக்குவிப்பின் காலம், இடம், முறை ஆகியவற்றை மாநிலங்களும் நகரங்களும் ஒழுங்குசெய்ய வழிவிட்டது. முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 செப்டம்பர் 30 அன்று நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் பேச்சைத் தடுக்கவில்லை, விலையைத் தடுக்கிறது. தடைசெய்யப்பட்ட விற்பனைக்கான அழைப்பிற்குப் பேச்சுரிமைக் காப்பு இல்லை என்பது அதன் சாரம். விலையை நேரடியாக ஒழுங்குசெய்வதற்கும் அதைப் பற்றிய விளம்பரத்தை ஒழுங்குசெய்வதற்கும் இடையிலான வேறுபாடு 1996ஆம் ஆண்டின் மதுவிலை விளம்பர வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. அவ்வழக்கும் ரோட் ஐலண்டிலிருந்தே எழுந்தது. தமிழில் ‘தள்ளுபடி’ என்னும் சொல் விலைக்குறைப்பையும் மனு ஏற்கப்படாமையையும் ஒருங்கே குறிப்பது. இங்குத் தள்ளுபடிக்காகத் தொடுத்த மேல்முறையீடே தள்ளுபடியாயிற்று.

நியூயார்க்கின் அடித்தள விலை

பிராவிடன்ஸ் சட்டத்தில் ஒரு குறை உண்டு. கூப்பனும் கூட்டு விற்பனையும் விலக்கப்பட்டாலும், நிறுவனம் வணிகருக்கு ஈடுகொடுத்துப் பட்டியல் விலையையே குறைத்துவிட இயலும். நியூயார்க் நகரம் 2013 நவம்பரில் இயற்றிய சட்டம் இவ்வழியையும் அடைக்க முற்பட்டது. கூப்பன்களைத் தடைசெய்ததோடு, வரிகள் உட்பட ஒரு பாக்கெட்டின் விலை 10.50 டாலருக்குக் குறையக் கூடாது எனவும் அது விதித்தது. அக்காலத்தில் நடுவண் அரசு 1.01, மாநிலம் 4.35, நகரம் 1.50 என அந்நகரில் பாக்கெட்டிற்கான வரி மட்டும் 6.86 டாலராக இருந்தது. இத்துணை வரிக்குப் பின்னும் தள்ளுபடியைத் தனியே தடுக்க வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது. இச்சட்டத்திற்கு எதிரான வழக்கும் 2014இல் தோல்வியுற்றது. 2018 ஜூன் 1 முதல் அடித்தள விலை 13 டாலராக உயர்த்தப்பட்டது.

சட்டத்தின் எல்லைகள்

அடித்தள விலையின் முதற்குறை, அதனால் உயரும் பணம் கருவூலத்திற்குச் செல்லாமை. வரியால் விலை உயர்ந்தால் கூடுதல் தொகை அரசைச் சேர்கிறது. அடித்தள விலையால் உயர்ந்தால் வணிகருக்கும் நிறுவனத்திற்கும் இலாபமாகிறது. இரண்டாவது, சந்தை விலை மேலே சென்றபின் பழைய எண்ணையே வைத்திருந்தால் சட்டம் ஏட்டளவில் மட்டும் நிற்கும். ஆகவே அடித்தள விலை வரிக்கு மாற்றாகாது. உயர்ந்த வரியின் பயன் கசிந்துவிடாமல் காக்கும் துணையாகவே அதைக் கொள்ள வேண்டும்.

ஏழை எளியவர் மீது சுமை கூடுகிறது என்னும் மறுப்பை எளிதில் ஒதுக்க இயலாது. விலை உயர்வால் மிகுதியாக விலகுவோரும் அவர்களே என்னும் பதில் உண்மையே. ஆயினும் அது விலகாதோர்க்கு ஆறுதலாகாது. வரி செலுத்தப்படாத சிகரெட்டுகளின் கள்ளச் சந்தையும் நியூயார்க்கில் பெரிது. அத்தகைய சிகரெட்டுகளை உதிரியாக விற்றதாகச் சந்தேகிக்கப்பட்ட எரிக் கார்னர், 2014 ஜூலை 17 அன்று காவலர் கைது செய்ய முற்பட்டபோது உயிரிழந்தார். விலைக் கொள்கையின் பளு தெருவோரத்து மனிதர் மீது எவ்வாறு இறங்கக்கூடும் என்பதற்கு அந்நிகழ்வு கொடிய சான்று. தள்ளுபடித் தடையைப் பொறுத்தவரை, உரிமம் பெற்ற கடையே பொறுப்பாகிறது. வாங்கும் இளைஞர் குற்றவாளி ஆவதில்லை. கண்காணிப்பு கடைகளோடு நின்றால் மட்டுமே இவ்வேறுபாடு நடைமுறையில் நிலைக்கும்.

இதற்கிடையில் பொருளே மாறிவிட்டது. 2019இல் உயர்நிலைப்பள்ளி மாணவருள் சிகரெட் புகைப்போர் 6 விழுக்காடாகக் குறைந்திருக்க, மின்சிகரெட் பயன்படுத்துவோர் 27.5 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். சிகரெட்டை மட்டும் குறித்த அடித்தள விலை இப்புதிய பொருளைத் தொடாது. நியூயார்க் மாநிலம் 2020 ஜூலை 1 முதல் கூப்பன், விலைக்குறைப்பு ஆகியவற்றின் மீதான தடையைப் புகையிலையோடு மின்சிகரெட்டிற்கும் சேர்த்தே நடைமுறைப்படுத்தியது.