வேலிச்செடிக் கவாத்து

வேலிச்செடிக் கவாத்து என்பது வீட்டின் வாயிற்கதவிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை செல்லும் பாதையின் ஓரங்களில் வரிசையாக வளர்க்கப்படும் புதர்ச்செடிகளை, குறிப்பிட்ட உயரத்திலும் அகலத்திலும் நிற்குமாறு வெட்டிப் பராமரிக்கும் முறையாகும். தமிழ்நாட்டில் மருதாணி, இட்லிப்பூ எனப்படும் வெட்சி, செம்பருத்தி, காகிதப்பூ, துரந்தா, அரளி, நொச்சி, ஆடாதோடை ஆகியவை இவ்வாறு பரவலாக வளர்க்கப்படுகின்றன. கொங்குப் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வளர்க்கப்படும் கிளுவை வேலியும் இதே முறையில் வெட்டி அடர்த்தியாக்கப்படுகிறது.

அடிப்படை

கிளையின் நுனி மொட்டில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி உருவாகிறது. இது கீழுள்ள கோணமொட்டுகளின் வளர்ச்சியைத் தடுத்து வைக்கிறது. இந்நிகழ்வு நுனி ஆதிக்கம் எனப்படும். நுனியை வெட்டியதும் தடை விலகி, வெட்டுக்குக் கீழே உள்ள மொட்டுகள் பக்கக் கிளைகளாகத் துளிர்க்கின்றன. ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு அல்லது மூன்று கிளைகள் வருவதால் செடி அடர்த்தியாகிறது. ஆகவே, செடி விரும்பிய உயரத்தை எட்டும் வரை காத்திருந்து வெட்டுவதைவிட, நட்ட முதல் ஆண்டிலிருந்தே நுனிகளைக் கிள்ளி வருவது சிறந்தது. அவ்வாறு கிள்ளாத செடிகள் மேலே அடர்ந்தும் கீழே வெறும் குச்சியாகவும் நிற்கும்.

வடிவம்

வேலியின் அடிப்பகுதி சற்று அகலமாகவும் மேற்பகுதி குறுகியும் இருக்க வேண்டும். மேற்பகுதி அகன்றால் அதன் நிழலால் கீழ் இலைகளுக்கு வெயில் கிடைக்காமல் அவை உதிர்ந்துவிடும். பாதையின் இரு முனைகளிலும் குச்சி நட்டு, வேண்டிய உயரத்தில் கயிறு கட்டி, அதையொட்டி வெட்டினால் மட்டம் தவறாது.

வெளிப்பரப்பை மட்டுமே திரும்பத் திரும்ப வெட்டினால், மெல்லிய இலைப்போர்வை வெளியே இருக்க, உட்புறம் இலையற்றுப் போகும். எனவே ஒவ்வொரு முறையும் கவாத்துக் கத்தரியால் சில கிளைகளை உட்புறம் வரை வெட்டி எடுத்து, வெளிச்சமும் காற்றும் புக வழி செய்ய வேண்டும்.

காலமும் அளவும்

ஒரே நேரத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்காமல் இருப்பது பொதுவான விதி. வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஆவணி, புரட்டாசி மாதங்கள் ஆழமான கவாத்துக்கு ஏற்றவை. அடுத்து வரும் மழையில் புதுத்துளிர்கள் செழிக்கும். கோடை வெயிலில் ஆழமாக வெட்டினால், அதுவரை நிழலில் இருந்த உள் இலைகளும் பட்டையும் கருகக்கூடும்.

வெட்சியில் பூங்கொத்துகள் கிளை நுனியில் தோன்றுவதால், அடிக்கடி வெட்டப்படும் வேலி பூப்பதில்லை. ஒரு சுற்றுப் பூத்து முடிந்தவுடன் வெட்டினால் அடுத்த சுற்றுக்கான துளிர்கள் வர இடம் கிடைக்கும்.

பாதையை அடைத்துக்கொண்ட பழைய வேலியை ஒரே முறையில் குறைக்க முயன்றால் செடிகள் பட்டுப்போகக்கூடும். பாதைப் பக்கத்தை முதல் ஆண்டிலும் மறுபக்கத்தை அடுத்த ஆண்டிலும் வெட்டுவது பாதுகாப்பானது. தடித்த கிளைகளின் வெட்டுவாயில் போர்டோ பசை தடவலாம். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்ற அளவில் இது தயாரிக்கப்படுகிறது.

பாதுகாப்பு

வாயிற்கதவை ஒட்டிய பகுதியில் வேலி, வண்டி ஓட்டுபவரின் கண்மட்டத்துக்குக் கீழே இருப்பது இன்றியமையாதது. வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது, உயர்ந்த வேலிக்கு அப்பால் வரும் சிறு குழந்தையோ மிதிவண்டியோ கண்ணில் படாது. ஆகவே பாதை தெருவைத் தொடும் முனையில் செடிகளைக் குழந்தையின் உயரத்துக்கும் கீழாக, முழங்கால் அளவில் வைத்திருப்பது நல்லது.

அரளியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை. இலை காய்ந்த பின்னும் நஞ்சு நீங்குவதில்லை. எரித்தால் வரும் புகையும் தீங்கானது. வெட்டிய அரளிக் கிளைகளைத் தெருவோரம் போட்டால் ஆடு மாடுகள் தின்று இறக்க நேரிடும். துரந்தாவின் மஞ்சள் பழங்களும் காட்டாமணக்கு விதைகளும் குழந்தைகளுக்கு நஞ்சாகும். திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கடும் அழற்சி உண்டாகும் என்பதால், அதை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும்.

வேலியடியில் குவியும் சருகும் வெட்டிய கிளைகளும் பாம்புகளுக்கு மறைவிடமாகின்றன. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. சுருட்டைவிரியன் சருகுக்குள் எளிதில் புலப்படாது. எனவே கழிவை அன்றே அகற்றுவதும், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை கிளைகளை நீக்கி அடிப்பகுதி தெரியுமாறு வைப்பதும் நல்லது. கையை உள்ளே விடுமுன் நீண்ட கழியால் தட்டிப் பார்க்க வேண்டும்.

பறவைக் கூடுகள்

தையல்சிட்டு இலைகளைத் தைத்தும், தேன்சிட்டு கிளையில் தொங்கவிட்டும் தாழ்வான புதர்களில் கூடு கட்டுகின்றன. வெட்டத் தொடங்குமுன் வேலியை ஒருமுறை பார்வையிட்டு, முட்டையோ குஞ்சோ உள்ள பகுதியைச் சில வாரங்கள் விட்டுவைக்கலாம்.

பூச்சிகள்

செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சித் தாக்குதல் மிகுதி. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியுடன் செம்பருத்தி, காட்டாமணக்கு ஆகியவற்றையும் தாக்கியது. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் அதைக் கட்டுப்படுத்த உதவின. கண்டபடி பூச்சிக்கொல்லி தெளித்தால் இக்குளவிகளும் அழிந்துவிடும். தாக்கப்பட்ட கிளைகளை மட்டும் வெட்டி அழித்து, கத்தரியைச் சாராயக் கரைசலால் துடைத்த பின் அடுத்த செடிக்குச் செல்வதே முதல் நடவடிக்கையாகும்.