கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மெர்சிங் படகுத்துறையில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் சாப்பாட்டுக் கூடையும் பாயும் சுமந்து வரும் குடும்பங்கள். இன்னொரு பக்கம் சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் விடியுமுன்னே காரைக் கிளப்பி வந்த இளைஞர்கள். ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. அதனால் பெரிய படகுகள் நீரேற்றத்துக்காகக் காத்திருக்கும். அந்த நேரத்தில் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "தீவுக்குப் போனதும் ஸ்கூபா முக்குளிக்கலாமா? யாரிடம் போவது? எங்கே மலிவு?"

மூன்றாவது கேள்விக்கு விடை எல்லாரிடமும் இருக்கிறது. இரண்டாவது கேள்வியைத்தான் நாம் சரியாகக் கேட்பதில்லை.

அந்த ஏப்ரல் மதியம்

கோவிட் காலம் முடிந்து மலேசியா தன் எல்லைகளைத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. ஐந்தே நாளில், ஏப்ரல் 6 மதியம், மெர்சிங்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோக்கோங் சங்கோல் தீவுப் பகுதியில் நான்கு பேர் காணாமல் போனார்கள். நார்வே நாட்டுப் பெண் பயிற்றுநர் ஒருவர், அவரிடம் மேல்நிலைப் பயிற்சி பெற வந்த பிரிட்டிஷ்காரர் ஒருவர், அவருடைய 14 வயது மகன், 18 வயது பிரெஞ்சு இளம்பெண்.

அவர்கள் இறங்கியது ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்துக்கு. மேலே வந்து பார்த்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் பயிற்றுநரை மற்ற மூவரிடமிருந்து பிரித்துவிட்டது. மறுநாள் காலை ஓர் இழுவைப் படகு அவரைக் கண்டு மீட்டது. ஏப்ரல் 9 அதிகாலையில் தந்தையையும் அந்த இளம்பெண்ணையும் மீனவர்கள் காப்பாற்றினார்கள். இரண்டரை நாள் அவர்கள் கடலிலேயே மிதந்திருந்தார்கள். சிறுவன் பிழைக்கவில்லை.

படகோட்டியைக் காவல்துறை தடுத்து வைத்தது. சோதனையில் அவர் போதைப்பொருள் உட்கொண்டிருந்தது தெரியவந்ததாக அறிவித்தது. மெர்சிங் பகுதியில் முக்குளிப்பு நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்தும்படி ஜொகூர் சுல்தான் உத்தரவிட்டார்.

இந்தச் செய்தியைப் படித்த பலர் "கடலே ஆபத்து" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். கூடவே தகுதி பெற்ற பயிற்றுநர் இருந்தார். கருவிகள் இருந்தன. ஆழமும் பேராழம் அல்ல. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: மேலே படகு.

முத்துக்குளித்தவர்கள் கற்ற பாடம்

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் முன்னோர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கடலடிக்குப் போனார்கள். அவர்களுக்குக் காற்றுக் கலனும் இல்லை, கைக்கணினியும் இல்லை. இருந்தது ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். கண் அசந்தால் உயிர் போய்விடும்.

அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் சொல்வார்கள். கீழே இருப்பவனுக்கு ஏதாவது ஆனால் அறுபடுவது தன் தங்கையின் தாலி என்று அவனுக்குத் தெரியும். "மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்" என்ற பழமொழிக்கும் மலைத்தேன் எடுப்பவர்கள் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

இன்றைக்கு நாம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. பணம் கட்டி, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கயிற்றைக் கொடுக்கிறோம். அவர் யார் என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

முன்பணம் கட்டும் முன்

தொலைபேசியிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடலாம்.

முதலில் பயிற்றுநரின் பெயரும் உறுப்பினர் எண்ணும். பேடி, எஸ்எஸ்ஐ போன்ற உலகப் பயிற்சி அமைப்புகள் ஒவ்வொரு பயிற்றுநருக்கும் ஓர் எண் கொடுக்கின்றன. அந்த எண் இன்றும் செல்லுபடியாகிறதா என்பதை அமைப்பின் இணையத்தளத்தில் நாமே சரிபார்க்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் பத்து ஆண்டு பழையதாக இருக்கலாம்.

அடுத்தது, "ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்?" சான்றிதழ் இல்லாத புதியவர்களுக்கான அறிமுக முக்குளிப்பில், கடலில் ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேர் என்பது பேடி வகுத்த உச்ச வரம்பு. ஆழமும் 12 மீட்டரைத் தாண்டக்கூடாது. "ஆறு ஏழு பேர் என்றாலும் பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்பதில்லை. "நாங்கள் நீருக்குள் இருக்கும்போது படகில் யார் இருப்பார்? படகு எங்கே நிற்கும்?" நல்ல நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும். படகோட்டியின் பெயரைச் சொல்லும். அவர் எத்தனை காலமாகத் தங்களோடு இருக்கிறார் என்று சொல்லும். "யாராவது ஒருவர் இருப்பார்" என்பது பதில் ஆகாது.

நான்காவது, பருவநிலை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைக் கொந்தளிக்க வைக்கும். மெர்சிங் தீவுகளில் பல தங்குவிடுதிகள் அந்த மாதங்களில் மூடியே இருக்கும். டிசம்பரில் "கடல் நன்றாகத்தான் இருக்கிறது, வாருங்கள்" என்று ஒருவர் அழைத்தால், மற்றவர்கள் ஏன் கடையை மூடினார்கள் என்று யோசியுங்கள்.

மருத்துவப் படிவம் தொல்லை அல்ல

நல்ல நிறுவனம் நம்மிடமும் கேள்வி கேட்கும். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு படிவத்தை நீட்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது படிவத்தை அல்ல, நம் நுரையீரலை ஏமாற்றுவது.

பத்து மீட்டர் ஆழத்தில் நம்மை அழுத்தும் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே கலனிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். அதனால்தான் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது முக்குளிப்பின் முதல் விதி. ஆஸ்துமாவோ சளி அடைப்போ உள்ளவருக்கு அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் போகலாம். படிவமே தராமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் கடையை நம்பக்கூடாது. மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லி ஒரு நாள் வியாபாரத்தை இழக்கத் துணியும் கடையை நம்பலாம்.

படகில் ஏறியதும்

இனி கண்ணால் பார்க்க வேண்டியவை. படகின் உரிமத்தில் எத்தனை பேருக்கு அனுமதி, ஏறியிருப்பவர்கள் எத்தனை பேர்? எல்லாருக்கும் உயிர்காப்புச் சட்டை உண்டா? வானொலிக் கருவி உண்டா? அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா? "எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். எடுத்துக் காட்ட ஐந்து நிமிடம் தேடினால், ஆபத்து நேரத்திலும் ஐந்து நிமிடம் தேடுவார்கள்.

காற்றுக் கலனை முகர்ந்து பாருங்கள். நல்ல காற்றுக்கு வாசனை கிடையாது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அதைத் தொடாதீர்கள். அழுத்தமானி 200 பாருக்கு அருகில் காட்ட வேண்டும். 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்து சேர்ந்திருக்க வேண்டும். பயிற்றுநர் இதையெல்லாம் இறங்கும் முன் விளக்கிச் சொல்வார். சொல்லாமல் "குதிங்க, குதிங்க" என்று அவசரப்படுத்தினால் குதிக்காதீர்கள்.

ஒவ்வொருவரிடமும் ஒரு விசில், ஊதினால் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிற மிதவை, இவை இரண்டும் இருக்கட்டும். அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது.

கடைசியாக, தலை எண்ணுதல். 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுப் பகுதியில் ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது. எண்ணியவர் தப்பாக எண்ணினார். அவர்களுடைய பை படகிலேயே கிடந்தது. இருவரையும் காணவில்லை என்று தெரிய இரண்டு நாளாயிற்று. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் குவீன்ஸ்லாந்து மாநிலம் தலை எண்ணும் விதிகளைக் கடுமையாக்கியது. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கூவுவது எண்ணிக்கை அல்ல. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் குறிப்பதுதான் எண்ணிக்கை. படகு கிளம்பும் முன் அது நடக்கிறதா என்று பாருங்கள். நடக்காவிட்டால் நீங்களே எழுந்து எண்ணுங்கள். நாம் வந்த கூட்டத்தை நாமே எண்ணுவதில் தப்பில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

பேடி விதிப்படி பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் பயிற்சியில் சேரலாம். சேரலாம் என்பதற்காகச் சேர்த்தே ஆக வேண்டும் என்றில்லை. தண்ணீரைக் கண்டு பயப்படும் பிள்ளையை "அண்ணன் போறான் பாரு" என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். கடலுக்கு முன் நீச்சல்குளத்தில் ஒரு நாள் பழக்கிவிடும் நிறுவனமாகப் பாருங்கள்.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. எந்தப் படகு, எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதைத் தங்குவிடுதியிலும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். நேரம் தவறினால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள். கடலில் தேடுபவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் தேட வேண்டிய பரப்பு விரிந்துகொண்டே போகிறது.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பல பயணக் காப்புறுதிகள் ஸ்கூபாவை விலக்கிவிடும், அல்லது குறிப்பிட்ட ஆழம்வரைதான் ஏற்கும். திரும்பும் விமானத்தையும் பாருங்கள். ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் கழித்துத்தான் விமானம் ஏறலாம் என்பது பொதுவான அறிவுரை. காலையில் கடல், மாலையில் செனாய் விமான நிலையம் என்ற திட்டம் வேண்டாம். அன்றைக்கே கெந்திங் மலை ஏறும் திட்டமும் வேண்டாம். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும்.

"இன்றைக்கு வேண்டாம்"

இத்தனையும் பார்த்த பிறகு, ரவா, திங்கி, அவுர் என்று இந்தக் கடலில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. பவளத்தோட்டத்தில் கடலாமை ஒன்று நம்மைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. பயந்து கரையிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல.

ஒரு நிறுவனத்தைப் பற்றி முடிவு செய்ய இன்னும் ஒரு சோதனை உண்டு. காற்று மாறியிருக்கிறது, நீரோட்டம் வேகமாக இருக்கிறது. அந்தக் காலையில் அவர்கள் என்ன சொல்கிறார்கள்? "பணம் கட்டிவிட்டீர்களே, போய் வந்துவிடலாம்" என்கிறார்களா? "இன்றைக்கு வேண்டாம், நாளை பார்க்கலாம், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்கிறார்களா? இரண்டாவது பதிலைக் கேட்டுச் சலித்துக்கொள்ளாதீர்கள். நம் உயிரைத் தன் தங்கையின் தாலியாக நினைக்கும் ஒருவர் கையில்தான் கயிறு இருக்கிறது என்று அர்த்தம்.