ஹைபிரிட் காரில் செய்யக்கூடிய மாற்றங்களும் செய்யக்கூடாதவையும்

ஹைபிரிட் கார் என்பது பெட்ரோல் என்ஜின், மின்மோட்டார் ஆகிய இரண்டையும் கொண்டு ஓடும் கார் ஆகும். இந்தியாவில் 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட், 2010-இல் டொயோட்டா பிரியஸ், 2013-இல் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் எனச் சில மாடல்கள் வந்தாலும் விலை காரணமாக அவை பெருநகரங்களைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. 2022-இல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஹைபிரிட் வடிவங்கள் வந்த பிறகுதான் சிறு நகரங்களின் தெருக்களிலும் இவ்வகைக் கார்கள் தென்படத் தொடங்கின.

வாங்கிய பொருளில் சிறு மாற்றம் செய்து பார்ப்பது நம்மிடையே புதிதல்ல. செல்போன், இன்வெர்ட்டர், மோட்டார் சைக்கிள் என எதுவும் இதற்கு விலக்கில்லை. ஹைபிரிட் காரிலும் அதே ஆசை எழுகிறது. கூடுதல் விளக்கு பொருத்தலாமா, வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்ய வழி உண்டா, பெரிய பேட்டரி வைக்கலாமா என்ற கேள்விகள் வருகின்றன. எது பாதுகாப்பானது, எது ஆபத்தானது, எது சட்டத்துக்கு மாறானது என்பதை விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு ஊர்களின் அன்றாடப் பயன்பாட்டை வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பன்னிரண்டு கிலோமீட்டரில் நடப்பது

இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 இவற்றை இணைக்கிறது. ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கார் ஊர்ந்து செல்லும்போது பெரும்பாலும் மின்மோட்டார் மட்டுமே இயங்கும். ஊரைத் தாண்டி வேகம் பிடித்ததும் என்ஜின் சேர்ந்துகொள்ளும். ராஜபாளையத்துக்குள் நுழையும்போது பிரேக்கை மெல்ல மிதித்தால், மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். நின்று நின்று செல்லும் ஊர்ச் சாலையில் ஹைபிரிட் கார் நல்ல மைலேஜ் தருவதற்கு இதுவே காரணம்.

ரயில்வே கேட்டில் ஏ.சி. போட்டுக் காத்திருக்கும்போது என்ஜின் தானாக ஓடத் தொடங்குவதைப் பலர் பழுது என நினைப்பதுண்டு. ஏ.சி. கம்ப்ரஸர் மின்சாரத்தில் இயங்குவதால் பேட்டரி குறைகிறது. அதை நிரப்பவே என்ஜின் எழுகிறது. செங்கோட்டைக்கு அப்பால் கொல்லம் செல்லும் மலைச்சாலையில் நெடுந்தூரம் இறங்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். பேட்டரி நிரம்பிவிடுவதால் மேலும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது. அப்போது என்ஜின் இரைச்சலாகச் சுழன்று வேகத்தைக் கட்டுப்படுத்தும். இதுவும் பழுதல்ல.

இவற்றை எல்லாம் முடிவு செய்வது காருக்குள் இருக்கும் கணினி. ஓட்டுநர் மிதிப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. அந்த வேண்டுகோளை என்ஜின் நிறைவேற்றுமா, மோட்டார் நிறைவேற்றுமா என்பதைக் கணினிதான் தீர்மானிக்கிறது. ஆகவே ஹைபிரிட் காரில் செய்யும் எந்த மாற்றத்தையும் ஒரே கேள்வியால் அளக்கலாம். அந்த மாற்றம் கணினியிடம் கேட்டு நடக்கிறதா, கணினியை ஏமாற்றி நடக்கிறதா?

இரண்டு பேட்டரிகள்

ஹைபிரிட் காரில் இரண்டு பேட்டரிகள் உள்ளன. முதலாவது, எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. விளக்கு, ஹாரன், பாட்டுப் பெட்டி, கணினி ஆகியவற்றுக்கு மின்சாரம் தருவது இதுதான். இரண்டாவது, காரை ஓட்டும் உயர் அழுத்தப் பேட்டரி. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் கார்களில் இது 177.6 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரி. இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. பிரியஸின் இன்வெர்ட்டர் இந்த அழுத்தத்தை 500 வோல்ட் அல்லது அதற்கும் மேலாக உயர்த்தி மோட்டாருக்குத் தருகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதை நினைவில் கொண்டால் ஆபத்தின் அளவு புரியும்.

உயர் அழுத்தக் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை இருக்கும். அந்த நிறத்தைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். காரை அணைத்துவிட்டாலும் இன்வெர்ட்டரில் உள்ள மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்ற தொழிலாளர்கள்கூடப் பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, அழுத்தம் இல்லை என மீட்டரில் அளந்து பார்த்த பிறகே தொடுகிறார்கள். ரப்பர் கையுறையும் அணிகிறார்கள்.

சிறிய பேட்டரியும் கவனிக்கத்தக்கது. பல ஹைபிரிட் மாடல்களில் என்ஜினைச் சுழற்றும் வேலை அதற்கு இல்லை என்பதால் அதன் அளவும் சிறியது. கூடுதல் ஹாரன், பெரிய ஸ்பீக்கர், எப்போதும் ஓடும் கேமரா ஆகியவற்றைச் சேர்த்துவிட்டுச் சில வாரம் காரை எடுக்காமல் வைத்தால் அது இறங்கிவிடும். அப்போது பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் கணினி விழிக்காது, கார் கிளம்பாது. மின் கருவி எதையும் ஃப்யூஸ் வழியாக, சாவி அணைந்தால் தானும் அணையும்படி இணைப்பதே சரி.

காது கொடுக்கும் கருவி

செய்யக்கூடியவற்றில் மிக எளியது, காரின் சோதனைச் செருகுமுனையில் பொருத்தும் புளூடூத் ஸ்கேனர். ஓட்டுநர் கால் அருகே டாஷ்போர்டுக்குக் கீழே அந்த முனை இருக்கும். பேட்டரியின் வெப்பம், நிரம்பியிருக்கும் அளவு, பிழைக் குறியீடு போன்றவை செல்போன் திரையில் தெரியும். இது கணினி பேசுவதைக் கேட்கிறதே தவிர உத்தரவிடுவதில்லை. பயன்படுத்தாதபோது கழற்றி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் அதுவும் சிறிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும்.

கேட்டுச் செய்த மாற்றம்

இரண்டாம் தலைமுறை பிரியஸ் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்றபோது, மின்மோட்டாரில் மட்டும் ஓடச் செய்யும் பொத்தான் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் விற்ற கார்களில் அது இல்லை. ஆனால் கணினியில் அதற்கான இணைப்பு முனை இருப்பதை அங்குள்ள உரிமையாளர்கள் கண்டறிந்து, தாங்களே ஒரு பொத்தானைப் பொருத்திக்கொண்டார்கள்.

இந்த மாற்றம் ஆபத்தில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்தப் பொத்தான் உயர் அழுத்த மின்சாரத்தைத் தொடவில்லை. மோட்டாரில் ஓட முடியுமா என்று கணினியிடம் கேட்க மட்டுமே செய்தது. பேட்டரி குறைவாக இருந்தாலோ வேகம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினாலோ கணினி மறுத்துவிடும். முடிவெடுக்கும் உரிமை கணினியிடமே இருந்தது.

ஏமாற்றிச் செய்த மாற்றம்

2004-இல் கலிபோர்னியாவில் கால்கார்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஒரு பிரியஸில் கூடுதல் பேட்டரிகளைப் பொருத்தி, வீட்டு பிளக்கில் சார்ஜ் செய்யும் காராக மாற்றிக் காட்டினார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. பிரியஸின் கணினி தன் பேட்டரியை ஏறத்தாழ 40 முதல் 80 விழுக்காட்டுக்குள் மட்டுமே பயன்படுத்தும். செல்போனை முழுதாக இறக்கி முழுதாக ஏற்றிக்கொண்டே இருந்தால் அதன் பேட்டரி சீக்கிரம் கெடுவது போலத்தான் இதுவும். காரின் பேட்டரி பல ஆண்டு உழைக்க வேண்டும் என்பதற்காக வைத்த எல்லை அது. கூடுதல் மின்சாரத்தைச் செலவழிக்க வைப்பதற்காக, பேட்டரி இருப்பதைவிட அதிகம் நிரம்பியிருப்பதாகக் கணினியை நம்பவைக்க வேண்டியிருந்தது.

அந்த முயற்சி பயனற்றதல்ல. சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட் சாத்தியமே என்று அது காட்டியது. 2012-இல் டொயோட்டாவே பிளக்-இன் பிரியஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2008-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், இவ்வாறு மாற்றப்பட்ட ஒரு பிரியஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்து எரிந்தது. கூடுதல் பேட்டரியில் போல்ட் இணைப்புகள் சரியாகப் பொருத்தப்படாமல் சூடேறியதே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. வேதியியலும் மென்பொருளும் சரியாக இருந்தாலும் ஒரு போல்ட்டின் இறுக்கம் குறைந்தால் போதும். இத்தகைய இணைப்புகளை இறுக்கும் அளவு, கம்பியின் தடிமன், வெப்பம் வெளியேறும் வழி ஆகியவற்றைத் தயாரிப்பாளர்கள் பல மாதம் சோதித்து முடிவு செய்கிறார்கள். சாலையோரப் பட்டறையில் அந்தச் சோதனைக்கு இடமில்லை.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சி நடந்தது. புனேயைச் சேர்ந்த கேபிஐடி நிறுவனம், பாரத் ஃபோர்ஜுடன் சேர்ந்து 2010-இல் ரெவோலோ என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. ஏற்கெனவே ஓடும் சாதாரணக் காரை ஹைபிரிட் ஆக்குவது அதன் நோக்கம்.

வரவு செலவுக் கணக்கு

வீட்டில் சார்ஜ் செய்ய முடியாதா என்பதே பலரும் கேட்கும் கேள்வி. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா கார்களின் பேட்டரி 0.76 கிலோவாட் மணி. அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. பிளக் பொருத்தி அதை முழுதாக நிரப்பினாலும் ஐந்து கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பினால் ராஜபாளையம் வரை போகாது.

கூடுதல் பேட்டரி வைத்தால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் பார்க்கலாம். இரு ஊர்களுக்கும் இடையே தினமும் ஒருமுறை சென்று திரும்பினால் 24 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 7,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தரும் ஹைபிரிட் காருக்கு ஏறத்தாழ 327 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என வைத்தால் ஆண்டுக்கு 32,700 ரூபாய். இதே தூரத்தை மின்சாரத்தில் ஓட்டினால், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் வீதம் 1,200 யூனிட் ஆகும். யூனிட் 9 ரூபாய் என்றால் 10,800 ரூபாய். மிச்சம் ஆண்டுக்கு 21,900 ரூபாய்.

2008-இல் அமெரிக்காவில் விற்ற 5 கிலோவாட் மணி கூடுதல் பேட்டரியின் விலை ஏறத்தாழ 10,000 டாலர். அன்றைய மதிப்பில் 4 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த விலையில் போட்ட பணம் திரும்ப 18 ஆண்டுக்கு மேலாகும். பேட்டரி அவ்வளவு காலம் உழைக்காது. இன்று பேட்டரி விலை இறங்கியிருந்தாலும், வீட்டு மின் கட்டணம் அடுக்கு முறையில் ஏறுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாதம் 100 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லில் 200 யூனிட் கூடினால் பல வீடுகள் அடுத்த அடுக்குக்குப் போய்விடும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

முறையான வழியும் உண்டு. ஹைபிரிட் கருவிகளுக்கு ஏஐஎஸ் 123 என்ற தரநிலை இருக்கிறது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனம் ஒப்புதல் அளித்த கருவியை மட்டுமே பொருத்தலாம். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழில் குறிக்கச் செய்ய வேண்டும். டிஎன் 84 எண் கொண்ட வண்டிகளுக்கு அந்த அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது.

தண்டனையைவிடப் பெரிய இழப்பு வேறு இரண்டு. டொயோட்டா தன் ஹைபிரிட் பேட்டரிக்கு இந்தியாவில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. உயர் அழுத்தப் பகுதியில் வெளியார் கை வைத்தால் அந்த உத்தரவாதத்தை இழக்க நேரிடும். தெரிவிக்காமல் மாற்றிய கார் விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

பஞ்சுத் தூசி

மாற்றம் செய்வதைவிட அதிகப் பலன் தரும் வேலை ஒன்று உண்டு. அதற்குப் பெரிய செலவும் இல்லை. பல ஹைபிரிட் மாடல்களில், காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்தே பேட்டரியைக் குளிர்விக்கிறார்கள். அந்தக் காற்று நுழையும் துளை பின் இருக்கையின் அருகிலோ அடியிலோ இருக்கும். அதற்குள் வடிகட்டியும் மின்விசிறியும் உள்ளன. தூசியால் வடிகட்டி அடைபட்டால் பேட்டரி சூடேறும். சூடேறிய பேட்டரியின் ஆயுள் குறையும்.

ராஜபாளையம் நூற்பாலைகள் நிறைந்த ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆலைக்கும் தறிக்கூடத்துக்கும் சென்று வருவோரின் உடையிலும், காரில் ஏற்றும் துணிப் பொதியிலும் பஞ்சிழை ஒட்டிக்கொண்டு வரும். வீட்டு நாயைக் காரில் அழைத்துச் செல்வோர் அதன் முடியையும் சேர்த்துக்கொள்ளலாம். இவர்கள் நிறுவனம் சொல்லும் இடைவெளிக்குக் காத்திராமல் ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்வது நல்லது. துளையின் மீது பை, துணி, விளையாட்டுப் பொருள் எதையும் வைக்கக்கூடாது. சித்திரை வெயிலில் வேப்ப மர நிழல் தேடி நிறுத்துவதும் பேட்டரிக்குச் செய்யும் உதவியே.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பழைய கேம்ரி, பிரியஸ் கார்களின் பேட்டரி பல சிறு தொகுதிகளைக் கோத்துச் செய்தது. பிரியஸில் 28 தொகுதிகள் இருக்கும். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றிக் காரை விற்பவர்கள் உண்டு. புதியதும் பழையதும் சேர்ந்தால் தொகுதிகளின் வலு சமமாக இராது. சில மாதத்தில் அடுத்தது கெடும். ஸ்கேனரில் தொகுதிகளின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். காரைச் சற்று வேகமாக ஓட்டிப் பேட்டரிக்கு வேலை கொடுத்துக்கொண்டே அளக்க வேண்டும். நின்றிருக்கும்போது எல்லாத் தொகுதிகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

அத்துடன் சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஆரஞ்சுக் கம்பிகளில் ஒட்டு, டேப் சுற்றல் ஏதும் உள்ளதா எனத் தொடாமல் பார்க்க வேண்டும். பின் இருக்கை அருகே உள்ள காற்றுத் துளையையும் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. அங்கே பஞ்சு அடைந்திருந்தால், விலை பேசும் முன் பேட்டரியை முழுமையாகச் சோதித்துவிட வேண்டும்.