காதால் தேடும் பறவை

முதல் நாள் மாலை ஈப்போவின் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் மடியில் பிரிக்காமலே கிடந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெமெங்கோர் ஏரியில் படகின் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். “பொறுங்கண்ணே, இப்ப வெட்டும்” என்றார் படகோட்டித் தம்பி.

காட்டுக்குள் ‘ஹூப்’ என்று ஓர் ஒலி. நீண்ட மௌனம். மறுபடி ‘ஹூப்’, கோடரி மரத்தில் விழுவதுபோல. இடைவெளி சுருங்கிச் சுருங்கி, கடகடவென ஓடி, கடைசியில் பேய்ச்சிரிப்பாக வெடித்தது. மாமியாரைப் பிடிக்காத மருமகன் அவள் வீட்டின் கால்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்தானாம். அவன்தான் இந்தப் பறவையானான் என்கிறது மலாய்க் கதை. பெயரே ‘தெபாங் மெந்துவா’, அதாவது ‘மாமியாரை வெட்டிச் சாய்’. நம் வழக்கில் தலைக்கவச இருவாச்சி எனலாம்.

பெலும்-தெமெங்கோர் காட்டில் பத்து வகை இருவாச்சிகள் உண்டு. அண்ணாந்து பார்க்கும்போது முதலில் வாலைக் கவனியுங்கள். நடுவில் இரண்டு இறகுகள் மட்டும் நாடாபோல் நீண்டு பின்னால் இழுபட்டால் சந்தேகமே வேண்டாம், இதுதான். வால் மறைந்திருந்தால் சிறகைப் பாருங்கள்: இதற்குப் பின் விளிம்பு வெள்ளை. மலேசியாவின் தேசியப் பறவையான காண்டாமிருக இருவாச்சிக்குச் சிறகு முழுக்கக் கறுப்பு. வால்பாறையிலும் காணக்கிடைக்கும் பெரிய இருவாச்சிக்கோ சிறகின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். கிளையில் உட்கார்ந்துவிட்டால் இன்னும் எளிது. ஆணின் வெற்றுக் கழுத்து சிவப்பு, பெண்ணுடையது வெளிர்நீலம்.

மற்ற இருவாச்சிகளின் அலகு மேலுள்ள கொண்டை உள்ளே பெரும்பாலும் பொள்ளல். இதற்கு மட்டும் கெட்டி. ஆண்கள் பறந்தபடியே கொண்டையோடு கொண்டை மோதிச் சண்டையிடும். அந்தக் கெட்டித்தன்மையே அதற்கு எமன். யானைத் தந்தம்போல் செதுக்க முடியும் என்பதால், இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் மட்டும் 2013இல் சுமார் 6,000 பறவைகள் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். 2015இல் ‘மிக அருகிய’ இனமாக அறிவிக்கப்பட்டது.

கூடோ கிடைத்தற்கரியது. பெருமரத்துப் பொந்து வேண்டும். அதன் வாயருகே ஆண் வந்து அமர ஒரு முண்டும் வேண்டும். பெண் வாசலை அடைத்துக்கொண்டு ஏறக்குறைய ஐந்து மாதம் உள்ளேயே இருக்கும். ஒரே குஞ்சு. ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து பிளவு வழியே ஊட்டும். வெளியே அந்த ஆணைச் சுட்டால், உள்ளே இருப்பவை பட்டினி.

ஆகவே, அன்று சிரிப்பு எந்தக் கரையிலிருந்து கேட்டது என்பதை இங்கே எழுதவில்லை.