பணிப்பெண்ணின் சத்திரம்

லண்டனில் வீட்டு வேலை செய்துவந்த கிளாடிஸ் அயில்வார்டுக்குச் சீனாவில் ஊழியம் செய்ய ஆசை. சீன மொழி அவருக்கு வராது என்று மிஷனரி சங்கம் கைவிரித்துவிட்டது. கர்த்தர் அழைத்தது நிஜம் என்று நம்பியவர், சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தனியாக ரயில் ஏறினார்.

யாங்செங் என்ற மலையூரில் ஒரு மூத்த மிஷனரியோடு சேர்ந்து, கோவேறு கழுதை ஓட்டிவருகிறவர்களுக்குச் சத்திரம் நடத்தினார். பெருக்குவது, சமைப்பது, பரிமாறுவது... எல்லாம் லண்டனில் பழகிய வேலைதானே! இரவில் விருந்தாளிகளுக்கு வேதாகமக் கதை. பேசிப் பேசியே சீன மொழியும் வந்துவிட்டது.

பயமே இல்லாதவர் அல்ல. சிறையில் கைதிகள் வெட்டிக்கொண்டபோது, அவர் நம்பும் தேவன் காப்பாற்றுவாரே என்று சொல்லி அதிகாரி உள்ளே அனுப்பினார். நடுங்கிக்கொண்டேதான் போனார். கலவரம் அடங்கியது.

1940-ல் போருக்குத் தப்பி, சுமார் 100 குழந்தைகளை மலைகள் வழியே நடத்திச் சென்றார். குழந்தைகள் பத்திரமாகச் சேர்ந்தார்கள். அவர்தான் கடும் காய்ச்சலில் விழுந்தார்.