நித்தியகல்யாணி தந்த மருந்து

வீட்டு வாசலில் இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அதைச் சோதிக்க, 1950-களில் கனடாவின் ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இலைச்சாற்றை எலிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் மளமளவெனக் குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று அவர்கள் விடாமல் தேடியதில் கிடைத்தது வின்பிளாஸ்டின். அதே செடியின் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின், இன்றும் எத்தனையோ குழந்தைகளை ரத்தப் புற்றுநோயிலிருந்து மீட்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகளை இவை உருவாகவிடுவதில்லை. பிரிய முடியாத செல் மடிந்துபோகும்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் மருந்துக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள்.

தயவுசெய்து வாசல் செடியைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். செடியில் நச்சு உண்டு. வின்கிரிஸ்டின் அளவு மீறினால் நரம்பைத் தாக்கும். உடல் பரப்பைக் கணக்கிட்டு, ரத்தநாளம் வழியாக மட்டுமே மருத்துவர்கள் அதை ஏற்றுகிறார்கள்.