உங்களுக்குத் தெரியுமா? டிராக் ரேஸ் காரின் எரிபொருள் தொட்டி

அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதிகள் எரிபொருள் தொட்டி விஷயத்தில் மிகக் கண்டிப்பானவை. பல கார்களில் வழக்கமான தொட்டியைக் கழற்றிவிட்டு ‘ஃபியூயல் செல்’ பொருத்துகிறார்கள். உறுதியான வெளிக்கூடு, உள்ளே ரப்பர் பை, அதற்குள் கடற்பஞ்சு போன்ற நுரை. கார் சீறிப் பாயும்போது பெட்ரோல் அலைமோதாமல் தடுப்பதும், தீப்பற்றினால் வெடிப்பு பரவாமல் அடக்குவதும் இந்த நுரைதான். தொட்டியின் காற்றுக்குழாய் காருக்கு வெளியே திறக்க வேண்டும். டிக்கியில் தொட்டி இருந்தால், ஓட்டுநருக்கும் அதற்கும் நடுவே உலோகத் தடுப்பு கட்டாயம். எஞ்சினின் ஃப்ளைவீல் உடைந்தால் துண்டுகள் தோட்டாபோலச் சிதறும்; ஆகவே அதனருகே செல்லும் சாதாரண எரிபொருள் குழாயை 16 அங்குல நீள எஃகுக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். பேட்டரியை டிக்கிக்கு மாற்றிய கார்களின் பின்புறத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரதான சுவிட்ச் இருக்கும். அதை அணைத்தால் எரிபொருள் பம்பும் நின்றுவிட வேண்டும். விபத்தில் ஓடிவரும் மீட்புப் பணியாளரின் கைக்கு எட்டுவதற்காகவே அந்தச் சுவிட்ச் வெளியே வைக்கப்படுகிறது.